சம்பளத் தேதிக்கும் சதுர்த்தசிக்கும் இடைப்பட்ட தூரம்: ஐப்பசிச் சிக்கனம் குறித்தோர் ஆராய்ச்சி

பாயிரம்

தமிழ்நாட்டில் சிக்கனத்தைப் பற்றி இதுவரை எழுந்த சிந்தனைகள் அனைத்தும் தொகையைச் சுற்றியே வந்திருக்கின்றன. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, ஏன் மிஞ்சவில்லை என்றே அறிஞர்களும் மாமனார்களும் கேட்டு வந்துள்ளனர். தேதியை ஒருவரும் கேட்கவில்லை. மாதத்தின் மூன்றாம் தேதி பையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் இருபத்தேழாம் தேதி இருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஒரே மதிப்புடையவை என்று ரிசர்வ் வங்கி சொல்லலாம். வாடகை வீட்டில் இருக்கும் எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிக்கனம் பொருளாதாரத்தில் சேராது, சோதிடத்தைப் போலக் காலக்கணிதத்தின் ஒரு கிளை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் துணிபு.

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டும், அதில் எட்டுச் செய்தி வேண்டும் என்பது நன்னூல் விதி. சிக்கனம் பற்றிய நூலாதலின் நான்கோடு நிறுத்துகிறோம். ஆக்கியோன் பெயர்: மறைக்கப்படுகிறது, இவ்விதழ் எங்கள் வீட்டிலும் வாங்கப்படுவதால். எல்லை: வடக்கே ஒரு சம்பளம், தெற்கே அடுத்த சம்பளம். கேட்போர்: மாத முதல் வாரத்தில் எவருமிலர், கடைசி வாரத்தில் கடன் கேட்போர். பயன்: ரயில் டிக்கெட் கிடைக்கலாம்.

ஆய்வுக்களம் 2025ஆம் ஆண்டின் அக்டோபர் மாதம். இம்மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் நெரிசல். 1ஆம் தேதி ஆயுத பூஜை. 2ஆம் தேதி விஜயதசமி, அன்றே காந்தி ஜெயந்தி. 20ஆம் தேதி தீபாவளி. 27ஆம் தேதி சூரசம்ஹாரம். போதாக்குறைக்கு 16ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதென வானிலைத் துறை அறிவித்தது. காலாண்டு விடுமுறையில் இருந்த பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க வீட்டில். பசிக்கு விடுமுறை கிடையாது. இத்தனையும் ஒரே ஒரு சம்பளத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தன.

ஆய்வுக்குட்பட்ட குடும்பம் சென்னைப் புறநகரில், இரண்டாம் மாடியில், நெல்லைச் சீமையிலிருந்து வந்து தங்கிய ஐவர் குடும்பம். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் கட்டத்தில் இருப்பது ஆய்வாளரின் தாயார் படம். நிதியமைச்சர் பொறுப்பு ஆய்வாளரின் மனைவியிடம். ஆய்வாளர் வருவாய்த் துறையை மட்டும் கவனிக்கிறார், அதாவது சம்பளம் வாங்கி வந்து கொடுக்கிறார்.

தூரவியல்

தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. சந்திரனின் பன்னிரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 354 நாள். சம்பளம் போடும் ஆண்டுக்கோ 365. ஆகவே தீபாவளி ஆண்டுதோறும் பதினொரு நாள் போல முன்னே நகர்ந்து வரும். ஐப்பசியைத் தாண்டி முன்னே போக வழியில்லாத ஆண்டில் ஒரேயடியாகப் பத்தொன்பது நாள் பின்னே குதிக்கும். 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8 என்று பஞ்சாங்கம் காட்டுவது இதைத்தான். சந்திரனுக்குச் சம்பளத் தேதி தெரியாது என்பது இத்துறையின் முதற்சூத்திரம்.

முதல் தேதி சம்பளம் என்று கொண்டு இரண்டு அளவைகளை வகுக்கிறோம். சம்பளத்திலிருந்து தீபாவளி வரை உள்ள நாள்கள் முன்தூரம். தீபாவளியிலிருந்து அடுத்த சம்பளம் வரை உள்ளவை பின்தூரம். முன்தூரம் குறையக் குறையத் தீபாவளி சிறக்கும் என்பது பாமரர் கருத்து. 2021இல் நவம்பர் 4 அன்று தீபாவளி வந்தது, முன்தூரம் மூன்றே நாள். சம்பளம் சூடாக இருந்தது, கடைகள் திறந்திருந்தன, ஐந்து பேருக்கும் நல்ல துணி. அதன்பின் பின்தூரம் இருபத்தேழு நாள். அந்த நவம்பரின் மூன்றாம் வாரத்தில் என்ன குழம்பு வைத்தார்கள் என்பதைக் குடும்பத்தினர் யாரும் நினைவுகூர விரும்பவில்லை. மாறாக 2024இல் அக்டோபர் 31, பின்தூரம் ஒரே நாள். ஆனால் முப்பது நாள் பழைய சம்பளத்தை வைத்துக்கொண்டு துணி எடுப்பது எப்படி என்று எந்தக் கடையிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

முன்தூரத்தையும் பின்தூரத்தையும் கூட்டினால் எந்த ஆண்டிலும் முப்பது அல்லது முப்பத்தொன்றே வரும். துன்பத்தின் மொத்த அளவு மாறாது, அது இடம் மட்டுமே மாறும் என்னும் இவ்விதி இங்குதான் முதன்முதலாக வெளியிடப்படுகிறது. 2025இல் முன்தூரம் பத்தொன்பது, பின்தூரம் பன்னிரண்டு: இரண்டு பக்கமும் வேதனை. ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த ஆண்டு வாய்க்காது.

திணைக் கோட்பாடும் இங்குப் பொருந்துவதைக் காணலாம். சம்பளம் வந்து சேரும் நாள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும், அதாவது குறிஞ்சி. வாடகையும் பள்ளிக் கட்டணமும் போகும் நாள் பிரிதலாகிய பாலை. போனஸ் வருமென்று இருத்தல் முல்லை. தி.நகரில் கண்ணாடிக்கு வெளியே நின்று இரங்கல் நெய்தல், கடல் இல்லையே என்று கேட்கலாகாது, கூட்டம் அலையாகவே இருந்தது. ‘ஏங்க, உங்க தங்கச்சிக்குச் சீர் ஐயாயிரமா?’ என்பது ஐயமின்றி மருதம்.

அரசும் தேதியின் அருமையை உணர்ந்திருக்கிறது என்பதற்கு மகளிர் உரிமைத் தொகை சான்று. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில் 2025இல் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் 15ஆம் தேதியை ஒட்டி வந்தது. முதல் தேதி வந்திருந்தால் அது சம்பளத்தில் கலந்து முகவரியில்லாமல் போயிருக்கும். நட்டநடு மாதத்தில், மற்றெல்லாம் வற்றிய பின் வந்ததால் அதற்குத் தனி முகம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆயிரத்துக்குத் ‘தாயார் நிதி’ என்று பெயர். அதிலிருந்து கடன் வாங்க அமைச்சரவை ஒப்புதல் வேண்டும்.

போனஸைப் பற்றிச் சுருக்கமாக. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காடு, கூடியது 20 விழுக்காடு என்று வரையறுத்தது. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.33 வரும். அதாவது ஆண்டுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதம் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது. அந்த மாதத்துக்குச் சம்பளம் மட்டும் உண்டு, நாள்கள் கிடையா. பின்தூரம் பூச்சியமாக உள்ள ஒரே மாதம் அதுவே. ஆனால் அப்பணம் கைக்கு வரும் முன்பே மிக்சி பழுது, இரண்டாம் பருவக் கட்டணம், தாயார் கண் கண்ணாடி, ஊருக்குப் போகும் செலவு ஆகிய நான்கிலும் முழுமையாகச் செலவிடப்பட்டிருந்தது. ஒரே பொருள் ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் இருக்கக்கூடுமா என்பதை இயற்பியலார் ஆராய்க.

மூலபாட ஆய்வு

இவ்விரு தூரங்களையும் கடக்க வீட்டில் வகுத்த முன்திட்டத்துக்கு எஞ்சியுள்ள ஒரே எழுத்துச் சான்று மளிகை லிஸ்ட். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். எமக்குக் கிடைத்தது ஒரே படி. அதுவும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. (அக்கல்யாணத்துக்கு எழுதிய மொய் செப்டம்பர்க் கணக்கைச் சேர்ந்தது. மொய்யியல் தனித்துறை, இங்கு விரிப்பின் பெருகும்.)

மேலே பிள்ளையார் சுழி. கீழே மூன்று கைகள் தெளிவாகத் தெரிகின்றன. முதற்கை தாயாருடையது: சுருக்கெழுத்தில் தேர்ந்தது, ஒற்றுக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் அற்றது. ‘து.ப 2’ என்பது துவரம் பருப்பு என்பதில் ஐயமில்லை. ‘ப.ப’ பாசிப்பருப்பு. ‘க.மா’ என்பதில்தான் சிக்கல். கடலை மாவு என்பார் ஒரு சாரார், கம்பு மாவு என்பார் இன்னொரு சாரார். இவ்விடத்தில் தெருமுனை அண்ணாச்சியின் உரையே உரையாகக் கொள்ளப்பட்டது, அவர் எதைப் பொட்டலம் கட்டினாரோ அதுவே பொருள் என்பதால்.

இரண்டாம் கை நிதியமைச்சருடையது. இக்கை எதையும் சேர்ப்பதில்லை, அடிப்பது மட்டுமே. லிஸ்டிலேயே மிக ஆழமான அடுக்குகள் கொண்ட வரி முந்திரிப் பருப்பு. முதலில் ‘250’. அது அடிக்கப்பட்டு ‘100’. அதுவும் அடிக்கப்பட்டு ‘50 உடைச்சது’. உடைச்சது என்றது முழு முந்திரியை விலக்குதற்கு. உடைந்தது விலை குறைவு என்பது வெளிப்படை. ‘பாயசத்துல விழுந்தப்புறம் முழுசா இருந்துச்சா உடைஞ்சிருந்துச்சான்னு யாரு தூக்கிப் பாக்கப் போறா’ என்பது தாயார் உரை. ‘அத்தை, மைசூர்பாக்குக்கு மேல வைக்கிறதுக்காவது நாலு முழுசு வேணும்’ என்பது மறுப்பு. ஆய்வாளர் இருவரும் சரியென்றே கொள்கிறார், அதே வீட்டில் இன்னும் குடியிருக்க வேண்டியிருப்பதால்.

‘நெய்யும்’ என்றொரு வரி. உம்மை எச்சவும்மை. அதனால் வேறொரு கொழுப்பும் உண்டு, அது லிஸ்டில் எழுதப்படவில்லை என்பது பெறப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கும் பாக்கெட் மிக்சருக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. தேதியறிந்து, நெய்யை நவராத்திரிக்கு முந்திய வாரத்தில் வாங்காமல் பொறுத்திருந்தது இக்குடும்பத்தின் சாதனை. கொலுச் சுண்டலுக்கு நெய் தேவையில்லை என்பது உதவியது.

மூன்றாம் கை ஸ்கெட்ச் பேனாவில் உள்ளது. ‘சிப்ஸ் பெரிசு 2’, ‘கலர் மத்தாபு 5 பாக்ஸ்’. இவை இடைச்செருகல் என்பது மூன்றால் தெளிவு: மை நிறம் வேறு, ஒற்று விடுபட்டுள்ளது, மத்தாப்பு மளிகைக் கடை லிஸ்டில் வரும் மரபில்லை. பதிப்பாசிரியர் இவ்வரிகளை நீக்கினார். அடுத்த நாள் அவை மீண்டும் இருந்தன. எட்டு வயதுடைய இடைச்செருகலாளர்கள் விடாமுயற்சி உடையவர்கள் என்பது பொதுவாகச் சுவடியியலில் போதிய கவனம் பெறவில்லை.

ஆனால் லிஸ்டின் உயிர்நாடி அதில் எழுதப்படாதவற்றிலேயே இருக்கிறது. மேற்சொன்ன எழுதப்படாத கொழுப்பு, ரேஷன் பாமாயில். லிட்டர் 25 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். மாதம் ஒரு லிட்டர் வீதம் ஆடியிலிருந்தே தாயார் சேர்த்துவந்ததால், அக்டோபர் பிறக்கையில் கட்டிலுக்கடியில் எந்த மாத லிஸ்டையும் பாதிக்காத எண்ணெய் இருந்தது. இது தொகைச் சிக்கனமா, தேதிச் சிக்கனமா? மூன்று மாதம் முன்பே தாளிப்பைக் குறைத்தவர்களே விடை சொல்லத் தகுந்தவர்கள். முறுக்குக்குப் பச்சரிசி மாவைப் புரட்டாசி வெயிலிலேயே காயவைத்து எடுத்து வைத்ததும் இவ்வகையே. ஐப்பசி அடைமழை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே ஐப்பசியில் மாவு காயப்போடுபவர்களைப் பார்த்து ஆய்வாளரின் தாயார் பரிதாபப்படுவார்.

சீட்டும் இத்தகையதே. தீபாவளிச் சீட்டு தீபாவளி முடிந்த அடுத்த வாரமே தொடங்கிவிடும். பட்டாசுக் குப்பை தெருவில் கிடக்கும்போதே அடுத்த ஆண்டுப் பலகாரத்துக்கு முதல் தவணை. நம்பகமான அக்கா வேண்டும், அவரிடம் ஒரு நோட்டு வேண்டும், நோட்டில் தேதி போட்ட கையெழுத்து வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஐப்பசிக்குச் சற்று முன்பு அக்கா வெளியூர் போய்விடும் வழக்கு பல தெருக்களில் பதிவாகியுள்ளது.

துணியியல் பற்றி ஒரே குறிப்பு. கோ-ஆப்டெக்ஸ் 30 விழுக்காடு தள்ளுபடி தருவதால் தாயாருக்குச் சேலை அங்கே. பிள்ளைக்குக் கால்சட்டை இரண்டங்குலம் மடித்துத் தைத்தது, பொங்கலுக்கு ஓர் அங்குலம் இறக்கப்படும். ரவிக்கைத் துணியை ஆயுத பூஜைக்கு முன்பே தையல்காரரிடம் கொடுத்தாக வேண்டும். அதன்பின் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை தொங்கிவிடும். அந்த அட்டையைவிடக் கண்டிப்பான ஆண்டறிக்கை எந்த அமைச்சகத்திலும் வெளியாவதில்லை.

பண்டமாற்றியல்

டேவிட் ரிக்கார்டோ 1817இல், இங்கிலாந்து துணியையும் போர்ச்சுகல் ஒயினையும் மட்டும் செய்து பரிமாறிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று காட்டினார். அவர் எந்த அடுக்குமாடியிலும் தீபாவளி கொண்டாடியதில்லை என்றாலும் கோட்பாடு சரியானதே. ஒரு வீட்டில் ஐந்து வகைப் பலகாரம் செய்வது மூடத்தனம். ஐந்துக்கும் ஐந்து வகை மாவு, ஐந்து முறை அடுப்பு, ஐந்து மிச்சம். ஒரே ஒரு முறுக்கை மட்டும் பெருவாரியாகச் செய்தால், தட்டுகள் மாடி ஏறி இறங்கி, மாலைக்குள் கீழ்வீட்டு அதிரசமும் எதிர்வீட்டுத் தட்டையும் மூன்றாம் மாடி ரவா லட்டும் தாமாக வந்து சேரும்.

இதில் நுட்பங்கள் உண்டு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது, கொஞ்சம் சர்க்கரையாவது வேண்டும். வந்த பலகாரத்தையே அடுத்த வீட்டுக்கு அனுப்பும் உத்தி உண்டு. ஆனால் அது சுற்றிவந்து செய்தவர் வீட்டுக்கே போய்ச் சேரும் அபாயம் இருப்பதால் ஒரே படிக்கட்டில் பயன்படுத்தக் கூடாது. எதைத் தேர்ந்தெடுத்துச் செய்வது என்பதிலும் கணக்கிருக்கிறது. முறுக்கு பல நாள் கெடாது, பின்தூரம் முழுவதும் பள்ளிக்கூடத் தின்பண்டமாக ஓடும். அதிரசத்துக்குப் பாகு பதம் தவறினால் எண்ணெயில் கரைந்து போகும், முழு முதலும் போச்சு. மேலும் வெல்லம் பட்டால் எண்ணெய் கறுத்துவிடும், முறுக்குச் சுட்ட எண்ணெயோ வடிகட்டினால் கார்த்திகை வரை தாளிப்புக்கு உதவும். அதிரசத்தை இடர்தாங்கும் திறமுள்ள கீழ்வீட்டாருக்கு விட்டுவிடுவதே முதலீட்டறிவு.

பட்டாசைப் பொறுத்தவரை 2018இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு விதித்தது, தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றானது. சுற்றுச்சூழலார் வரவேற்றதைவிட அப்பாமார் உள்ளூர வரவேற்றது அதிகம் என்பது எமது களப்பணி முடிவு. ‘ரெண்டு மணி நேரத்துல இவ்வளவுதான்டா வெடிக்க முடியும்’ என்னும் வாதத்துக்கு எட்டு வயதில் பதில் இல்லை. பத்து வயதில் இருந்தது: ‘நேரம் கம்மின்னா எல்லாத்தையும் ஒரே சமயத்துல வைக்கலாம்பா.’

தடையும் விடையும்

முன்திட்டத்துக்கு எதிராக இக்குடும்பத்திலேயே ஒரு மாற்றுக் கொள்கை உண்டு. அதற்குப் ‘பாத்துக்கலாம்’ என்று பெயர். ஆய்வாளரின் மைத்துனர் இக்கொள்கையின் தலைமாணாக்கர். 2025 அக்டோபர் 17, வெள்ளி இரவு ஊருக்குக் கிளம்ப வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கியது. ‘ஆகஸ்ட்லயே தீவாளியா? பாத்துக்கலாம் மச்சான்’ என்றார். சில நிமிடங்களில் தெற்கே போகும் ரயில்களில் இடம் முடிந்தது. அவர் இறுதியில் ஆம்னி பேருந்தில், கடைசி வரிசையில், போனஸில் கணிசமான பகுதியைக் கொடுத்துச் சென்றார். இது எம் கொள்கைக்கு வெற்றி என்று எழுதியிருப்போம். ஆனால் நாங்கள் ஊர் போய்ச் சேர்வதற்கு மூன்று மணி நேரம் முன்பே அவர் தம் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சூடான இட்லியும் முழு முந்திரி போட்ட கேசரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு விடை: அவருக்குத் தலைத்தீபாவளி. தலைத்தீபாவளி மாப்பிள்ளை சிக்கன விதிகளுக்கு அப்பாற்பட்டவர் என்பது மரபு, அவர் செலவை வேறொருவர் முன்திட்டம் தாங்கும். அக்டோபரில் சவரன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியதால் மோதிரம் கிராம் கணக்கில் சுருங்கியதை அவர் கவனித்தாரா என்பது தெரியவில்லை. மாமனார் கவனித்தார்.

ஆயுத பூஜைப் பொரி இன்னொரு தடை. எத்தனை திட்டமிட்டாலும் பொரி மிஞ்சும். அரைப் படி வாங்கினாலும் மிஞ்சும், அலுவலகத்தில் கொடுத்ததும் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நமுத்த பொரியாகிப் பின் பொரி உப்புமாவாகி, அதன்பின் யாரும் பெயரிட விரும்பாத ஒன்றாகும். இதற்கு விடை எமக்குக் கிட்டவில்லை, முன்னோர்க்கும் கிட்டவில்லை.

இனி மேலாய்வு. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. முன்தூரம் ஏழு, பின்தூரம் இருபத்து மூன்று. துணி நன்றாக இருக்கும், நவம்பர் கடைசியில் ரசம் தெளிவாக இருக்கும். நவம்பர் 6 வெள்ளி இரவு கிளம்ப, செப்டம்பர் 7 திங்கள் காலை சரியாக 8 மணிக்குப் பதிவு திறக்கும். அதே 8 மணிக்குத்தான் பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும், குக்கர் மூன்றாவது விசில் விடும், தாயாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆய்வாளரின் பேருந்தும் வரும். அன்று போனைக் கையில் வைத்திருக்க வேண்டியவர் யார் என்பதில் வருவாய்த் துறைக்கும் நிதியமைச்சகத்துக்கும் இடையே மூன்று சுற்றுப் பேச்சு நடந்து முடிந்திருக்கிறது. நான்காம் சுற்றுக்கு மைத்துனரைக் கூப்பிட வேண்டாம் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போயின.